காற்றுக் கூண்டு

ரொட்டிக்கு மாவு பிசையும்போதுதான் ஆர்டெத் தோர்லி அழுவாள். அடுப்புக்குள் ரொட்டி உப்பி எழும் நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு விடுவாள். நாற்பத்தேழு வருடம் கூடவே வாழ்ந்த வெர்லுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரியும். தெரிந்தும் அவர் சமையலறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஜன்னலில் இல்லாத வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். மணி ஒன்பது. ஜூன் மாதம், இங்கே நடுக் குளிர்காலம். புந்தா அரேனாஸில் இன்னும் விடியவில்லை.

"இன்னிக்கு எத்தனை ரொட்டி, ஆர்டி?"

"மூணு."

"நாய்ங்களுக்கு ரெண்டு போதாதா?"

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்தான். திறக்காத கதவுகளின் கைப்பிடியில் அவள் மாட்டிவிட்டு வரும் ரொட்டிகளைத் தெரு நாய்கள்தான் தின்றுகொண்டிருந்தன. போன வாரம் ஒரு மஞ்சள் நாய் அவர்கள் காரை அடையாளம் கண்டுகொண்டு மூன்று தெரு பின்னாலேயே ஓடி வந்தது. இந்த ஊரில் அவர்களுக்காகக் காத்திருந்த ஒரே ஜீவன் அதுதான்.

அமெரிக்காவில், அயடஹோவில் அவர்களுக்கு உருளைக்கிழங்குப் பண்ணை இருந்தது. இப்போது அதை மூத்த மகன் ரூலன் பார்த்துக்கொள்கிறான். நான்கு பிள்ளைகள், பதினாறு பேரப்பிள்ளைகள். எல்லோரும் நல்லவர்கள், எல்லோருக்கும் வேலை இருந்தது. ஒரு நாள் மருமகளுக்கு உதவலாமென்று ஆர்டெத் போனபோது, "நீங்க உக்காருங்க அத்தை, எதுவும் பண்ண வேணாம்," என்று அந்தப் பெண் அன்பாகச் சொன்னாள். அன்பாகச் சொன்னதுதான் வலித்தது. எதுவும் பண்ண வேண்டாம். எதற்கும் தேவையில்லை. அன்றைக்கு ராத்திரியே வெர்லிடம், "நாம ஊழியத்துக்குப் போகலாம்," என்றாள். அவர்கள் சபையில் வேலை ஓய்ந்த தம்பதிகள் அப்படிப் போவது வழக்கம்தான், சொந்தச் செலவில், பதினெட்டு மாதத்துக்கு. எங்கே என்று சபை சொல்லும். சபை சொன்ன இடம், சிலி நாடு முடிந்து தண்ணீர் தொடங்கும் இந்த ஊர்.

மார்ச்சில் வந்து இறங்கியதும் இங்குள்ள சபைத் தலைவர் பிரதர் மான்சீயா ஒரு தாளைக் கொடுத்தார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். தாளில் முப்பத்தொரு பெயர்கள். ஒரு காலத்தில் சபைக்கு வந்துகொண்டிருந்து பிறகு நின்றுபோனவர்கள்.

"சும்மா போய் உக்காந்து பேசுங்க, சிஸ்டர். பிரசங்கமெல்லாம் வேணாம். உங்க வயசைப் பாத்து யாரும் விரட்ட மாட்டாங்க."

யாரும் விரட்டவில்லை. யாரும் திறக்கவும் இல்லை.

சிலர் செத்துப்போயிருந்தார்கள். சிலர் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். புதிய அடுக்குமாடிகளில் இருந்த இரண்டு மூன்று பேர், "இப்ப முடியாது," என்று புன்னகையோடு சொன்னார்கள். அதையெல்லாம் ஆர்டெத் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது மேட்டுத் தெருக்களில் இருந்த அந்தப் பதினொரு பழைய தகர வீடுகள். அங்கே புகைக்கூண்டில் புகை வரும். ஜன்னல் திரைக்குப் பின்னால் விளக்கு எரியும். சில வீடுகளில் ரேடியோகூடக் கேட்கும். உள்ளே ஆள் இருக்கிறது, சந்தேகமே இல்லை. வெர்ல் தம் ஊர்ப் பண்ணைப் பழக்கப்படி மூன்று தட்டு தட்டுவார். பிறகு இரண்டடி பின்னால் வந்து, ஜன்னல் வழியே பார்க்கிறவர் பயப்படாமலிருக்கத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். ஆர்டெத் மனதுக்குள் அறுபதுவரை எண்ணுவாள். ஊரை ஒட்டிய ஜலசந்தியிலிருந்து வரும் காற்று கோட்டுப் பொத்தான்களுக்கு இடையே விரலை விட்டுத் தேடும். அறுபது ஆனதும் ரொட்டிப் பையை மாட்டுவாள். அடுத்தவர் கதவை அவர்கள் சொல்லாமல் திறப்பது, அயடஹோவில் அவள் வளர்ந்த வீட்டில், திருட்டுக்கு அடுத்த படி.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிரதர் மான்சீயா கேட்பார். "எப்படிப் போச்சு, சிஸ்டர்? எதூலியா அம்மாவைப் பாத்தீங்களா?"

"ஆள் இல்ல," என்பாள் ஆர்டெத்.

ஆள் இருந்தும் எங்களைப் பார்க்க விரும்பவில்லை என்று எப்படிச் சொல்வாள்? எந்த வாயால் சொல்வாள்?

ஞாயிறு சாயங்காலம் வீட்டிலிருந்து வீடியோவில் கூப்பிடுவார்கள். அங்கே கோடை. பேரப்பிள்ளைகள் வாய்க்காலில் குதித்துவிட்டுத் தலை சொட்டச் சொட்ட வந்து நிற்பார்கள். "பாட்டி, அங்க ஏன் எப்பவும் ராத்திரியாவே இருக்கு?" என்று சின்னவள் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அழைப்பு முடிந்ததும் கறுத்துப்போன திரையில் ஆர்டெத்தும் வெர்லும் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

திங்கட்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள். அன்றைக்கு எங்காவது போவார்கள். இடிந்த பழைய படகுத்துறையில் வரிசையாக நிற்கும் நீர்க்காகங்களைக் காருக்குள்ளிருந்தபடி பார்ப்பார்கள். கல்லறைத் தோட்டத்தில் உருண்டையாகக் கத்தரித்த சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே நடந்து, யார் யாரோ பெயர்களை வாசிப்பார்கள். ஜூலையில் அப்படி ஒரு திங்கட்கிழமை, பனியில் வழுக்கி வெர்ல் முழங்காலில் விழுந்தார். ஆர்டெத் அவரை எழுப்பி, பக்கத்திலிருந்த நடுச் சதுக்கத்துப் பெஞ்சில் உட்காரவைத்தாள். எதிரே சிலை. அடியில் உட்கார்ந்திருக்கும் வெண்கல மனிதனின் கால் மட்டும் ஊரார் கைபட்டுப் பொன்னாக மின்னிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டால் இந்த ஊருக்குத் திரும்பி வருவார்களாம்.

"தொட்டுக்கோயேன்," என்றாள் ஆர்டெத், அவரைச் சிரிக்க வைக்க.

"திரும்பி வர்றதுக்கா? ஊருக்குப் போறதுக்குத் தொட வேண்டிய கால் எங்கேயாவது இருந்தா காட்டு, முழங்கால் போட்டாவது போறேன்."

பிறகு அவர் சிரிக்காமல் சொன்னார்.

"ஆர்டி, எனக்கு எழுபத்திரண்டு ஆச்சு. மழையில நின்னிருக்கேன், ஆலங்கட்டியில நின்னிருக்கேன், ஒரு வருஷம் மொத்த விளைச்சலும் அழுகிப்போச்சு, அப்பவும் நின்னேன். ஆனா ஒருத்தர் வீட்டு வாசல்ல பிச்சைக்காரன் மாதிரி நிக்கறது, உள்ள அவங்க நம்மளைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கறது... இது என்னால ஆகல. பாதியில போறவங்க ஆகஸ்ட் முடியறதுக்குள்ள எழுதணும்னு சபையில இருந்து கடிதம் வந்திருக்கு."

ஆர்டெத்துக்கு ஊர் ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போனால்? மறுபடி அந்த நாற்காலி. நீங்க உக்காருங்க அத்தை.

"ஒரு கதவு, வெர்ல்," என்றாள். குரல் அவளுக்கே பழக்கமில்லாத மாதிரி கெஞ்சியது. "ஆகஸ்ட் முடியறதுக்குள்ள ஒரே ஒரு கதவு திறந்தா இருப்போம். திறக்கலேன்னா நானே கடிதம் எழுதறேன்."

"அந்தப் பதினொண்ணுல ஒண்ணா?"

"அந்தப் பதினொண்ணுல ஒண்ணு."

"சரி."

ஆகஸ்ட் கரைந்தது. நாள் நீண்டது, பனி சேறானது, மஞ்சள் நாய் கொழுத்தது. கதவு மட்டும் திறக்கவில்லை.

மாதத்தின் கடைசி செவ்வாய். பட்டியலில் எதூலியா ஒயார்சோ என்ற பெயர். இதற்கு முன் நான்கு தடவை வந்த வீடு. நீலத் தகரம், வெள்ளைக் கதவு, புகைக்கூண்டில் எப்போதும் புகை. வெர்லின் முழங்கால் அன்று மடங்க மறுத்தது.

"நீ போ. நான் கார்ல இருந்து பாத்துட்டே இருக்கேன். அறுபதுவரைக்கும் எண்ணு, ஏமாத்தாம."

ஆர்டெத் தடித்த கையுறையோடு தட்டினாள். இரண்டடி பின்னால் வந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. கடவுளே, இது ஐந்தாவது தடவை. இருபது. முப்பது. கண்ணில் நீர் வந்தது, காற்றினால் என்று யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

நாற்பத்தொன்றில் யாரோ அவளை முழங்கையால் இடித்துக்கொண்டு போனார்கள். தலையில் கம்பளித் துணி, கையில் மூடிய கூடை, கூடைக்குள்ளிருந்து சூடான கொழுப்பு மணம். உருளைக்கிழங்கைத் துருவிப் பன்றிக்கொழுப்போடு தட்டிச் சுட்ட அடை விற்கிற நோல்ஃபா அவள், வீடு வீடாகப் போகிறவள். நோல்ஃபா தட்டவில்லை. கூப்பிடவில்லை. வெள்ளைக் கதவின் பிடியைத் திருகினாள், திறந்தாள், நுழைந்தாள்.

"ஐயோ, என்ன பண்றீங்க!" என்று ஆர்டெத் தன் அரைகுறை ஸ்பானிஷில் கத்திவிட்டாள்.

நோல்ஃபா தலையை மட்டும் வெளியே நீட்டினாள். "நீங்க என்ன பண்றீங்க? நடுத்தெருவுல நின்னு காத்துக்குக் காவலா இருக்கீங்களா?"

"நான்... தட்டினேன். திறக்கல."

"எதைத் தட்டினீங்க? இதையா?" நோல்ஃபா வெள்ளைக் கதவை உதைத்துக் காட்டினாள். "இது வீட்டுக் கதவா? இது காத்துக்குக் கட்டின கூண்டும்மா! இதைத் திறந்து, உள்ள வந்து, இதைச் சாத்திட்டு, அப்புறம் அந்தக் கதவைத் தட்டணும். எந்த ஊர் நீங்க? வாங்க உள்ள, அடை ஆறுது!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். வெள்ளைக் கதவு பின்னால் சாத்திக்கொண்டது. சட்டென்று காற்று செத்துப்போனது. இரண்டு பேர் நிற்கிற அளவுக்கு ஒரு கூண்டு. மூலையில் ரப்பர் பூட்ஸ், ஒரு வாளி, ஆணியில் ஒரு ஆணின் பழைய தொப்பி. எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், பழுப்பு நிறத்தில் இன்னொரு கதவு. நோல்ஃபா ஒரு விரலால் தட்டினாள். இரண்டு தட்டு.

"உள்ள வா, திறந்துதான் இருக்கு!" என்று ஒரு கிழட்டுக் குரல் உடனே கேட்டது.

உடனே. ஒன்றுகூட எண்ண வேண்டியிருக்கவில்லை.

அறை அடுப்பு மாதிரி கொதித்தது. நாற்காலியில் எண்பது வயதை நெருங்கியவள் ஒருத்தி, மடியில் கம்பளி நூல், கண்கள் இரண்டும் பால் ஊற்றினது போல் வெளுத்திருந்தன.

"நோல்ஃபாவா? இன்னொரு கால் சத்தம் கேக்குதே."

"வாசல்ல ஒரு அமெரிக்காக்காரம்மா விளக்குக்கம்பம் மாதிரி நின்னுட்டிருந்தாங்க. பிடுங்கிட்டு வந்தேன்."

"நான் சபையில இருந்து வர்றேன்," என்றாள் ஆர்டெத். "ஆர்டெத் தோர்லி."

எதூலியாவின் ஊசிகள் நின்றன. "சபையில இருந்தா?" என்றாள். "சபைக்கு இப்பதான் என் ஞாபகம் வந்துதா? என் புருஷன் போய்ப் பதினாறு மாசம் ஆச்சு. கண்ணும் போச்சு. இந்தப் பனியில நான் எங்க வெளிய வர்றது? யாராவது வருவாங்க வருவாங்கன்னு உக்காந்திருந்தேன்."

"நாங்க வந்தோம்மா. நாலு தடவை வந்தோம்," என்றாள் ஆர்டெத். "வெளிக் கதவைத் தட்டிட்டு நின்னோம்."

நோல்ஃபா வாய்விட்டுச் சிரித்தாள். "நாலு தடவையா! கடவுளே, அந்தக் கதவை இடியே தட்டினாலும் உள்ள கேக்காதே!"

எதூலியா சிரிக்கவில்லை.

"மத்தியானம் மூணு மணி வாக்குலயா?"

"ஆமா."

"மூணு தட்டு?"

கண் தெரியாதவள் என்பதை மறந்து ஆர்டெத் தலையாட்டினாள்.

"எனக்குக் கேட்டுது," என்றாள் கிழவி. "கண் போனவளுக்குக் காது கேக்கும். 'உள்ள வாங்க, திறந்துதான் இருக்கு'ன்னு கத்தினேன். யாரும் வரல. சரி, காத்துதான் கதவை ஆட்டுதுன்னு நினைச்சுக்கிட்டேன். காத்தைப் போய் உள்ள வா, உள்ள வான்னு கூப்பிட்டிருக்கேன் பைத்தியக்காரி!"

எட்டடி தூரம். அவ்வளவுதான். எட்டடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் ஒருத்தி அறுபதுவரை எண்ணிவிட்டு நாய்க்கு ரொட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்! ஆர்டெத் அந்தத் தரையிலேயே மண்டியிட்டு, எதூலியாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நூல் உருண்டை உருண்டு அடுப்படிக்குப் போனது.

பிறகுதான் வெர்ல் ஞாபகம் வந்தது. அவள் கதவைச் சாத்தக்கூட மறந்து தெருவுக்கு ஓடினாள்.

"விழுந்துட்டியா?" என்று பதறி இறங்கினார் அவர்.

"திறந்துதான் இருந்துது, வெர்ல்! இவ்வளவு நாளும் திறந்துதான் இருந்துது!"

அன்று எதூலியா கேட்டது ஒன்றே ஒன்றுதான். சபையில் பாடும் ஒரு பாட்டு. "தனியா ஆரம்பிச்சா பாதியில நின்னுடுது. கீழ்க்குரல் என் புருஷனோடது." அவள் ஸ்பானிஷில் ஆரம்பித்தாள். ராகம் தெரிந்த வெர்ல், மார்பிலிருந்து எழும் அந்தக் கனத்த குரலில் ஆங்கிலத்தில் சேர்ந்துகொண்டார். பதினாறு மாதமாகக் கேட்காத கீழ்க்குரல் அறைக்குள் எழுந்ததும் எதூலியா பாடுவதை நிறுத்திவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நோல்ஃபாகூடக் கூடையை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"வர்ற வாரம் மறுபடி வர்றோம்," என்றாள் ஆர்டெத், கிளம்பும்போது. "ஒவ்வொரு வாரமும் வர்றோம்."

"வர்ற வாரம் நான் இருக்க மாட்டேன், மகளே. வெள்ளிக்கிழமை வடக்க ரங்காகுவாவுக்குப் போறேன், மகன்கிட்ட. வீடு வித்தாச்சு. போன வருஷத்துல இருந்தே கூப்பிட்டான், மாட்டேன்னு பிடிவாதமா இருந்தேன். ஜூலையில சரின்னுட்டேன்." எதூலியா வெள்ளைக் கண்களை அவள் பக்கம் திருப்பினாள். அதில் கோபம் இல்லை, அதுதான் கொடுமை. "யாருமே வரலையேன்னுதான்."

இருவரும் காரில் வந்து உட்கார்ந்தார்கள். மஞ்சள் நாய் வந்து டயரை முகர்ந்துவிட்டு, பை இல்லாததைப் பார்த்துப் போய்விட்டது.

"அப்ப ஒரு கதவு திறந்தாச்சு," என்றார் வெர்ல்.

"திறக்கல. நாமதான் திறந்தோம். அதுவும் நேரம் போனப்புறம்." அவள் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். "நான் சொன்ன வாக்குப்படி இது செல்லாது. நீயே சபைக்கு எழுதிடு. ஒரு வீட்டைக் கலைக்கறதுக்கா நான் இவ்வளவு தூரம் வந்தேன்?"

அவர் வண்டியை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை எதூலியாவை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போவதாக வெர்லே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அழைத்துப்போக வந்திருந்த மகன் முன்சீட்டில் பெட்டியோடு உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சதுக்கத்தை நெருங்கியதும் எதூலியா, "நிறுத்துங்க, பிரதர்," என்றாள்.

"அம்மா, நேரமாகுது," என்றான் மகன்.

"விமானம் எனக்காக நிக்காது, எனக்குத் தெரியும். நீ நில்லு."

வெர்ல் நொண்டிக்கொண்டே அவளைத் தாங்கி நடத்திப்போனார். அவள் கையை எடுத்து அந்தப் பொன்னான பாதத்தின் மேல் வைத்தார். எதூலியா அதைத் தடவினாள், குழந்தையின் காலைத் தடவுவது போல, ஒவ்வொரு விரலாக. "எழுபத்தெட்டு வருஷம் இதே ஊர்ல இருந்தேன்," என்றாள். "இதைத் தொட வேண்டிய அவசியமே வந்ததில்ல."

திரும்பி வரும்போது காரில் இருவர் மட்டும். கடிதத்துக்கு நேற்றோடு நாள் முடிந்துவிட்டது. கேட்கப் பயந்து ஆர்டெத் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எழுதல," என்றார் வெர்ல்.

"ஏன்?"

"மிச்சம் பத்து வீடு இருக்கே. எல்லாத்துக்கும் கூண்டு இருக்குல்ல?"

"இருக்கு."

"எத்தனை பேர் காத்தைக் கூப்பிட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்களோ," என்றார். 

திங்கட்கிழமை ஓய்வு நாள்தான். ஆனாலும் கிளம்பினார்கள். முதல் வீட்டில் கூண்டுக்குள் போய் உள் கதவைத் தட்டியதும், "யாரு? சபையா? வேணாம், போயிடுங்க!" என்று ஒரு ஆண் குரல் சீறியது. அவர்கள் வெளியே வந்தார்கள்.

"ஒரு வழியா ஒருத்தர் நம்மகிட்ட பேசிட்டார்," என்றார் வெர்ல்.

இந்தத் தடவை அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள் நீலத் தகர வீட்டைக் கடக்கும்போது நின்றுவிட்டாள். புகைக்கூண்டில் புகை இல்லை. வெள்ளைக் கதவு எப்போதும் போலப் பூட்டாமல்தான் இருந்தது. அவள் திறந்து, உள்ளே போய், சாத்திக்கொண்டாள். பூட்ஸ் இல்லை, வாளி இல்லை. ஆணியில் தொப்பி மட்டும் மறந்துபோய்த் தொங்கியது. ஆர்டெத் உள் கதவை மெதுவாக இரண்டு தட்டு தட்டினாள். அறுபதுவரை எண்ணினாள், ஏமாற்றாமல். வெளியே தெருவில் வெர்ல் அவளை அவசரப்படுத்தாமல் காத்துக்கொண்டிருந்தார்.

நான்கு வீடு தள்ளி, பட்டியலில் அடுத்த பெயர். சிவப்புத் தகரம். புகை வந்தது. இருவரும் கூண்டுக்குள் நுழைந்து வெளிக் கதவைச் சாத்தினார்கள். அவர்களுக்கிடையே ரொட்டிப் பை நசுங்கியது.

"என் காலை மிதிக்கற," என்றார் வெர்ல் இருட்டில்.

"நகர இடமில்ல."

"சரி, தட்டு. கையுறையைக் கழட்டிட்டுத் தட்டு."